கம்பத்திலிருந்து நூற்றிருபது தப்படி

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம், கண்ணாடி மட்டும் இன்னொரு சுற்றுத் தடித்துவிட்டது. உன் இருமல் எப்படி இருக்கிறது? உன் மனைவியின் முழங்கால்? காலைக் காற்றில் தலைக்குத் துணி கட்டாமல் அளக்கப் போகாதே.

இந்த முறை நலம் விசாரிக்க மட்டும் எழுதவில்லை. கடலுக்கும் காயலுக்கும் நடுவில் கிடக்கும் நம் மணல்திட்டு என் மேசைக்கு வந்திருக்கிறது. திட்டின் கடல் பக்கத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமா என்று எங்கள் வரைபட அலுவலகம் சொல்ல வேண்டும். அதற்குத் திட்டைப் புதிதாக வரைய வேண்டும். வரைந்து அடியில் கையெழுத்துப் போடப்போவது நான். ஜூன் முப்பது கெடு. மேலதிகாரியிடம், "அளக்க ஆள் அனுப்பலாமா சார்?" என்று கேட்டேன். "நாற்பத்துமூணு வருஷக் கணக்கு இருக்கு. எழுதினவங்க உங்க அப்பாவும் தம்பியும். அப்புறம் என்னம்மா?" என்றார்.

அந்தப் பதிவேடுகள் பதினேழும் இப்போது என் முன்னால் அடுக்கி இருக்கின்றன. அப்பா முப்பத்தொரு வருடம், நீ பன்னிரண்டு வருடம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டே பத்தி: தேதி, அளவுக் கம்பத்திலிருந்து கடல் விளிம்புக்கு எத்தனை தப்படி. ஒன்று கவனித்தேன். நூற்றிருபதில் இருக்கும் கடல் மெதுவாகக் கிட்டே வருகிறது. நூற்றுப் பத்து, நூறு, ஒரு தடவை தொண்ணூறு வரைகூட. பிறகு ஒரே மாதத்தில் சரியாக நூற்றிருபதுக்குத் திரும்பிப் போய்விடுகிறது. ஏழு முறை இப்படி. கடலுக்கு அவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. அலமாரியில் நூற்று நாற்பது வருடப் பழைய வரைபடம் ஒன்று அகப்பட்டது. அதில் திட்டின் காயல் பக்கக் கரையில் ஓர் உப்புக் கிடங்கு இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கும் படிகளும் வரைந்திருக்கிறார்கள். நான் அங்கே வளர்ந்தும் பார்த்ததில்லை. காயல் கரையில் ஏதாவது கல்லோ சுவரோ மிச்சம் இருக்கிறதா? நடந்து பார்த்து எழுது.

அக்கா

ஜனவரி 24

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌகரியம். இருமல் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறது. உன் கண்ணுக்கு அந்த அலமாரித் தூசுதான் காரணம் என்று உன் தம்பி மனைவி சொல்கிறாள்.

காயல் கரை முழுக்க நடந்தேன். கல்லும் இல்லை, சுவரும் இல்லை, சேறுதான். ஆனால் எதிர்ப்பக்கக் கடற்கரையில், கடல் நன்றாக வற்றும் நாளில் பதினோரு கல்படி தலைகாட்டும். பாசி படிந்து, கால் வைத்தவரை வழுக்கித் தள்ளிவிடும். அதனால் அதற்கு 'மாமியார் படி' என்று பெயர். நீ போன பிறகுதான் வெளியே வந்தது. நீ சொல்லும் படி அதுவாக இருக்க முடியாது. உன் படத்தில் காயல் பக்கம் அல்லவா இருக்கிறது? வரைந்தவர் தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்.

அந்தப் படிகளைச் சுற்றிப் போன வாரக் காற்றில் மணல் அரித்து, கருப்புச் சேறு தெரிகிறது. கடற்கரையில் சேறு எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை. அதில் கிடந்த சிப்பி ஒன்றைப் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன்.

படகுத்துறைப் பலகையை இந்த வருடமும் நீட்டிவிட்டோம். காயல் பக்கம் தூர்ந்துகொண்டே போகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் படகு, பாதி நாள் சேற்றில் உட்கார்ந்துகொள்கிறது. டீச்சரம்மா, அதாவது என் வீட்டு எஜமானி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளுகிறாள். முழங்காலுக்கு அதுதான் மருந்தாம். பள்ளிக்கூடத்துக்கு இடம் குறித்து நான்கு முளை அடித்தாகிவிட்டது. கம்பத்துக்கும் கடலுக்கும் நடுவில், நல்ல சமதரை. தினமும் சாயங்காலம் போய் முளைகளைப் பார்த்துவிட்டு வருகிறாள், வளர்ந்துவிட்டதா என்று.

இப்படிக்கு,
உன் தம்பி
(ஊர் என்னை இன்னும் 'சின்னக் கம்பம்' என்றுதான் கூப்பிடுகிறது. அப்பா 'பெரிய கம்பம்' ஆயிற்றே.)

பிப்ரவரி 12

சின்னக் கம்பத்துக்கு,

அக்காவின் அன்பு. இருமலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். குடி, அலமாரியில் அடுக்காதே.

உன் சிப்பியை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி கீழே இறங்கினேன். அங்கே உயிரினங்களைப் பற்றி எழுதுகிற ஒருவர் இருக்கிறார். நாங்கள் ஆமை என்போம், ஒரு கேள்வி கேட்டால் தலையை வெளியே நீட்ட அரை மணி ஆகும். அவர் சிப்பியைப் புரட்டிப் பார்த்து, "இது கடல்ல இருக்காதும்மா. அலை அடிச்சா செத்துடும். அமைதியான தண்ணி, சேறு, இதுதான் அதுக்கு வீடு" என்றார். "கடற்கரைல எடுத்தது சார்" என்றேன். "அப்ப அந்தக் கடற்கரை ஒரு காலத்துல காயலா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. வரைந்தவர் தாளைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, தம்பி. மாமியார் படி உப்புக் கிடங்கின் படிதான். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. திட்டுதான் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. புயலில் கடல், தன் பக்க மணலை வாரித் திட்டின் மேலாக எறிகிறது. அது காயல் பக்கம் போய் விழுகிறது. இந்தப் பக்கம் தேய, அந்தப் பக்கம் வளர, திட்டு அகலம் குறையாமல் நடக்கிறது. நானூறு தப்படி அகலம், நூற்று நாற்பது வருடத்தில் தன் அகலத்தையே கடந்துவிட்டது. வருடத்துக்கு மூன்று தப்படி. நீங்கள் துறைப்பலகையை ஏன் நீட்டிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று இப்போது புரிகிறதா?

எனக்கு இதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. நாம் தூங்கிய தரை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆனால் பதிவேடு, எதுவும் நகரவில்லை என்கிறது. இரண்டும் சரியாக இருக்க முடியாது. ஒரே ஒரு அளவு வேண்டும். கிணற்றிலிருந்து கம்பம் வரை எத்தனை தப்படி? கிணறு நகராது அல்லவா?

அக்கா

மார்ச் 3

அக்காவுக்கு,

மருந்து வந்தது. கசப்பு. குடிக்கிறேன்.

நீ எழுதியதைத் துறையில் வைத்துப் படித்துக் காட்டினேன். படகுக்காரர், "திட்டு நடக்குதுன்னா நாம எதுக்கு நடக்கணும், உக்காந்திருந்தா அதுவே அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டுடுமே" என்றார். இன்னொருவர், எத்தனை வருடம் ஆகும் என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார். அக்கரையில் அவருக்கு ஒரு சம்பந்தம் பேச வேண்டியிருக்கிறதாம்.

புயலில் மணல் மேலாகப் பறப்பது உண்மை. போன மழைக்காலத்தில் நம் பின்வாசல் படி இரண்டும் புதைந்தன. வடக்கு முனையில் காயலும் கடலும் சேரும் வாய் இந்த வருடம் ஒடுங்கிவிட்டது. கொக்குகள் நிறைய வந்திருக்கின்றன. நீ வளர்த்த முருங்கை பட்டுப்போய்விட்டது, சொல்ல மறந்துவிட்டேன்.

டீச்சரம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. கரும்பலகைக்கு எந்தச் சுவர் என்று தீர்மானித்துவிட்டாள். சுவர்தான் வரவில்லை.

அப்பா மழையோ காய்ச்சலோ ஒரு மாதம்கூடத் தவறியதில்லை என்பது உனக்கே தெரியும். கேட்டதெல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

நலம், உன் நலத்தையும் எதிர்பார்க்கிறேன். முருங்கைக்காக வருத்தம்தான்.

கேட்டதில் ஒன்றை விட்டுவிட்டாய். கிணற்றிலிருந்து கம்பம் வரை.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் தம்பி நலம், நான் நலம். ஒரு மாதமாகப் பதில் இல்லாததற்குக் கோபிக்காதீர்கள். மூன்று முறை எழுத உட்கார்ந்தார். மூன்றையும் கிழித்து அடுப்பில் போட்டார். கேட்டால், "கையெழுத்து நல்லா இல்ல" என்கிறார். அவர் கையெழுத்து என்றைக்கு நன்றாக இருந்தது?

நீங்கள் வேலையில் கறாரானவர் என்று தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை. பத்து வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மனு எழுதுகிறேன். நாற்பத்தொரு பிள்ளைகள். காலையில் படகில் ஏறும்போது எண்ணுகிறேன், அக்கரையில் இறங்கும்போது எண்ணுகிறேன், சாயங்காலம் மறுபடி இரண்டு முறை. ஒரு நாளுக்கு நான்கு முறை. இதுவரை எண்ணிக்கை குறைந்ததில்லை. எண்ணும்போது வரும் பயமும் குறைந்ததில்லை. போன மாதம் ஒரு பெண் தண்ணீரில் விழுந்து, சடையைப் பிடித்துத் தூக்கினோம். வரைபடம் சீக்கிரம் முடிந்தால் மழைக்கு முன்னால் அடித்தளம் போட்டுவிடலாம் என்கிறார்கள்.

கிணற்றுக்கும் கம்பத்துக்கும் எவ்வளவு என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் பார்த்தேன். இதற்கா இவ்வளவு யோசனை? தப்படி எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கம்பத்தருகே நின்று கணக்கு எழுதும்போது, நான் கிணற்றில் வாளியை வைத்துவிட்டு "சாப்பிட வாங்க" என்றால் கேட்டுவிடும். கத்த வேண்டியதில்லை. போதுமா?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவி

மே 2

தம்பி,

நீ நலமாக இருக்க வேண்டும். இது உனக்கு மட்டும்.

நாம் சிறுவர்களாக இருந்தபோது கிணற்றடியிலிருந்து கம்பம் வரை பந்தயம் ஓடுவோம். ஒரே மூச்சில் நீ ஒரு நாளும் போய்ச் சேர்ந்ததில்லை. பாதியில் மணலில் உட்கார்ந்து அழுவாய். அம்மா கிணற்றிலிருந்து கத்தினால் கம்பத்தருகே கேட்காது. உன் மனைவி இப்போது கத்தாமல் கூப்பிடுகிறாள்.

நான்கு மாதமாக உன்னிடம் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறேன். விடை எனக்குத் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதில் அந்தப் பெரிய புயல் அடித்ததே, அது ஓய்ந்த காலையில் அப்பா கம்பத்தின் அடியைத் தோண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "மேல் பக்கத்தைப் பிடி, சாய விட்டுடாதே" என்றார். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தோம். கடல் விளிம்பிலிருந்து எண்ணி, நூற்றிருபதில் குழி வெட்டினார். "இடத்தை மாத்தினா கணக்கு மாறாதாப்பா?" என்று கேட்டேன். பதிவேட்டின் முதல் பக்கத்தைக் காட்டினார். 'கம்பம் கடல் விளிம்பிலிருந்து நூற்றிருபது தப்படியில் நிற்க வேண்டும்' என்று அச்சடித்திருந்தது. "நிக்கணும்னு போட்டிருக்கு. நிக்க வைக்கிறதுதானே என் வேலை" என்றார்.

அந்த வரி, கம்பத்தை முதல் முறை நடுவதற்கானது. அப்பா அதைக் காலம் முழுவதும் காப்பாற்ற வேண்டிய கட்டளையாக எடுத்துக்கொண்டார். படகில் வந்து இறங்கிய அதிகாரிகள் கம்பம் நேராக நிற்பதைப் பார்த்துக் கையெழுத்திட்டுப் போனார்கள். அப்பா பொய் எழுதவில்லை. ஒரு எண்ணில்கூடப் பொய் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம், நில அளவை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. விடுமுறைக்கு வந்தேன். அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு எண்ணியபடி நடந்துபோவதைப் பார்த்தேன். சொல்லவில்லை. பிறகு வருவதையே குறைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு வரவே இல்லை.

நீயாகச் சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம் என்று காத்திருந்தேன். அது சரியில்லை. நான் சொல்லிவிட்டேன். இனி நீ சொல்.

அக்கா

மே 16

அக்கா,

எல்லோரும் சுகம். இருமல் ஒரு வழியாகப் போய்விட்டது.

அன்று காலை நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தூக்கக் கூப்பிடவில்லையே என்று கோபம். உன் முதல் கடிதம் வந்ததும், இவளுக்குத் தெரியாதா, தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்கிறாளா என்று மறுபடி கோபம். நீ சொல்லட்டும் என்று நானும் இருந்தேன். நல்ல அக்கா தம்பி.

வேலைக்கு வந்த ஒரு வருடத்தில் எனக்கும் புரிந்துவிட்டது. ஆனால் சொன்னால் 'பெரிய கம்பம் ஏமாற்றிவிட்டார்' என்பார்கள். பிறகு பள்ளிக்கூடப் பேச்சு வந்தது, சொன்னால் அதுவும் நின்றுவிடும். நானும் மூன்று முறை தூக்கி நட்டேன்.

நேற்றுக் கம்பத்தைத் தோண்டி எடுத்துப் பார்த்து, அதே குழியில் திரும்ப நட்டேன். மண்ணுக்குள் இருக்கும் பக்கத்தில் அப்பா கத்தியால் செதுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் எத்தனை தப்படி உள்ளே கொண்டுவந்தார் என்று. பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை, பாவம், எங்கே எழுதுவார்? நான் தூக்கியபோது பார்த்து, நானும் கீழே கீழே செதுக்கினேன். அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து இதோடு வைத்திருக்கிறேன். 26, 15, 18, 30 அப்பாவுடையது. 12, 19, 11 என்னுடையது. கூட்டினால் 131. கிணற்றிலிருந்து கம்பம், பந்தயம் ஓடிய காலத்தில் 175. இன்றைக்கு 44.

முதல் எண்ணுக்குப் பக்கத்தில் உற்றுப் பார். 'இரண்டு ஆள்' என்று இருக்கும். மற்ற எதிலும் அது இல்லை.

இந்தத் தாளை டீச்சரம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுகிறேன். முளைகளைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

தம்பி

ஜூன் 6

அண்ணிக்கு,

இரண்டு வீட்டிலும் எல்லோரும் நலம் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். அண்ணன் தம்பி இல்லாத குடும்பத்தில் பிறந்தவள் நான். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே விஷயத்தை, முப்பது வருடம் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அதற்கு இடையில் நான் பத்து வருடம் மனு எழுதியிருக்கிறேன்.

முளை அடித்த இடத்திலிருந்து கடல் எழுபது தப்படி. வருடத்துக்கு மூன்று என்றால் இருபத்துமூன்று வருடம். எனக்கு அது போதும். இருபத்துமூன்று வருடத்தில் எத்தனை பிள்ளைகள் படகில் ஏறாமல் படித்துவிடுவார்கள் என்று கணக்குப் போடுங்கள். அதன் பிறகு கடல் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் அங்கே ஒரு கோடு போடுவீர்கள். இங்கே நான் மறுபடி நாற்பத்தொன்று எண்ண வேண்டும்.

உங்கள் கண் சரியாகட்டும்.

டீச்சர்

ஜூன் 20

தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

நான் நலம். உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். இனி ஒருவருக்குத் தெரியாமல் ஒருவருக்கு எழுதுவதில்லை.

டீச்சருக்கு முதலில். உங்கள் கணக்கு சரி. நான்கு நாள் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகு அந்தப் பென்சில் தாளை எடுத்துப் பார்த்தேன். வருடத்துக்கு மூன்று என்பது சராசரி. முதல் எண், இருபத்தாறு, ஒரே புயலில் போனது. அப்படி இரண்டு வந்தால் கடல் வாசலில் நிற்கும். மூன்றாவது வரும்போது உள்ளே நாற்பத்தொரு பேர் இருக்கலாம். எத்தனையாவது வருடம் என்று சொல்ல என்னிடம் பதிவேடு இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய காலத்தில் சொல்லாமல் இருந்ததால்தான் உங்கள் முளைகள் அங்கே நிற்கின்றன. அதற்கு மன்னிப்பு என்ற சொல் சிறியது.

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். கம்பம் ஏழு முறை நகர்ந்தது, அளந்தவர் கட்டளையை அப்படியே நிறைவேற்றினார், கட்டளையின் வாசகம்தான் தவறு என்று எழுதினேன். மேலதிகாரி படித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். "முதல் முறை கம்பத்தைத் தூக்கினதுல நீங்களும் இருந்தீங்கன்னு போட்டிருக்கீங்க. இது எதுக்கும்மா அறிக்கைல?" என்றார். "கம்பத்துலயே இருக்கு சார்" என்றேன். தாளைப் பார்த்தார். அந்த வரியை அடிக்கவில்லை.

கடல் பக்கம் கட்டக் கூடாது. ஆனால் அறிக்கை அத்தோடு முடியவில்லை. திட்டு காயலை நோக்கி நடக்கிறது. நாமும் அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்தால், கடல் நம்மை வந்து பிடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆகும். காயல் கரைக்குப் பக்கத்தில், சேற்றுக்கு மேலே உயர்ந்த மரக்கால்களில், வேண்டும்போது கழற்றி எடுக்கக்கூடிய பள்ளிக்கூடம். அதற்கான படத்தையும் நானே வரைந்து இணைத்தேன். ஒத்துக்கொண்டால்கூட இரண்டு மழைக்காலம் தள்ளிப்போகும், டீச்சர். அதை மறைக்க மாட்டேன்.

இனிமேல் அளவு, அக்கரைப் பாறை மேல் நிற்கும் விளக்குக் கோபுரத்திலிருந்து. அது எங்கும் போகாது. முதல் அளவை எடுக்க ஓர் ஆள் அனுப்ப வேண்டும் என்று எழுதினேன். யாரை என்று கேட்டார்கள். ஜூலை பதினைந்து, தபால் படகில் வருகிறேன்.

அக்கா

ஜூலை 8

அக்காவுக்கு,

எல்லோரும் சௌகரியம், நீயும் அப்படியே இருந்துகொண்டு வந்து சேர்.

உன் கடிதத்தை டீச்சரம்மா வாங்கிக்கொண்டு போனவள் இரண்டு நாள் திருப்பித் தரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அளக்கப் போனால், முளை நான்கும் காணோம். தேடிக்கொண்டு போனேன். காயல் பக்கம் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு கடைசி முளையைக் கல்லால் அடித்துக்கொண்டிருக்கிறாள். "ஆர்டர் வரட்டுமே" என்றேன். "ஆர்டர் வரும்போது வரட்டும், முளை நான் அடிக்கிறேன். ரெண்டு மழைக்காலம்னா ரெண்டோட நிக்கணும்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்றாள். உன்னோடு பேசுவாளா என்று கேட்காதே. நீ வரும் நாளில் சமையலுக்கு என்ன என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

கம்பத்தை இந்த மாதம் நகர்த்தவில்லை. நூற்றுப் பதினேழு. அப்படியே எழுதிவிட்டேன். பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்றாவது பத்தி ஒன்று நானே கோடு போட்டேன்: கிணற்றிலிருந்து.

துறைப்பலகை நீளம், பார்த்து இறங்கு. வந்ததும் கிணற்றிலிருந்து கம்பம் வரை ஓடிப் பார்க்கலாம். இப்போது என்னால் ஒரே மூச்சில் முடியும்.

அளக்கும் டேப்பை நீ கொண்டுவருவாய். மறுமுனையை நான் பிடிக்கிறேன். எழுதும்போது இரண்டு ஆள் என்று போடு.

தம்பி